ஆட்சேபனை இருப்பின்

கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கைக்கு
கயித்தான் மிறாண்டாவின் பெயர் வைக்கவேண்டுமாம்.
கோப்பு என் மேசைக்கு வந்து ஒன்பது நாள்.

மேசையும் அவர் கொடுத்ததுதான்.
மாநகரசபைக்கு இருநூறு மேசை.
கேள்விப்பத்திரம் போட்டது ஒரே ஆள்;
அதைப் பிரித்துப் படித்த குழுவிலும்
அவரே உட்கார்ந்திருந்தார்.
பற்றுச்சீட்டில் முழுவதும் தேக்கு.
கால்கள் தேக்குத்தான், பொய் சொல்லக்கூடாது.
மேற்பலகை அல்பீசியா:
தேநீர்க் கோப்பை வைத்த இடமெல்லாம்
அம்மைத் தழும்பு.

மனுவில் நூற்றுநாற்பது கையெழுத்து, ஏழு பெருவிரல்.
ஆமர் வீதி மரக்காலையில் வாள் இழுத்தவர்களின் பேரர்கள்,
அவர் போட்ட குழாயடியில் சண்டைபிடித்துக் குடம் நிரப்பியவர்கள்,
அவர் கூரை போட்ட வாசகசாலையில்
வேலையில்லாத வருஷங்களைப் படித்து முடித்தவர்கள்.
செத்தவர் ஏழையென்றால் பெட்டிக்குக் காசு வாங்கமாட்டார்.
பெட்டி போன வீட்டு இலக்கத்தை மட்டும்
வாக்காளர் இடாப்பில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைப்பார்.
அந்த இடாப்பைப் பார்த்திருக்கிறேன்.
நாணயம் வைத்து வரைந்தது போல் வட்டங்கள்.

காடு கையெழுத்துப் போடாது.
வவுனியாவுக்கு அப்பால் பத்து முதிரைக்குப் பெர்மிட் எடுத்து
மருதானையில் சரக்குப்பெட்டி சரக்குப்பெட்டியாய் இறக்கிய மனிதர்
பிரதி மேயரானதும் வீதியோரம் மரம் நடச் சொன்னார்.
நட்டார்கள்.
இன்றைக்கும் அந்த நிழலில்தான்
பஸ்ஸுக்கு நிற்கிறேன்.
என்ன செய்ய.

இனி, கோப்பில் எங்கும் இல்லாத ஒன்று.
எண்பத்துமூன்று ஆடியில்
மரக்காலைக் கேற்றை அவர் திறந்தார்.
அடுக்கிய தீராந்திகளுக்கிடையில்
முப்பத்தொரு பேர், மூன்று இரவு.
அம்மா அதில் ஒருத்தி.
நான் அம்மாவுக்குள், ஏழு மாதம்.
கேற்றடிக்கு வந்தவர்களிடம்
சாரத்தை மடித்துக்கட்டி, சுருட்டு அணையாமல்
சிங்களத்தில் சொன்னாராம்:
"இங்கே மரம்தான் இருக்கிறது."
யாரும் எந்தப் பக்கத்திலும் சேர்க்கமுடியாத
பறங்கிக் காலத்துப் பெயர் அவருக்கு.

முப்பத்திரண்டாவதாகத் தட்டியது
சில்லறைக் கடை அருளம்பலம்.
"ஆள் கூடினால் எல்லாரும் போவோம்" என்று
தாழ்ப்பாளில் கைவைத்தபடி நின்றாராம் மிறாண்டா.
எத்தனை தரம் தட்டினார் என்று
அம்மா எண்ணியிருக்கிறா.
அந்த எண்ணிக்கையை மட்டும்
என்னிடம் சொன்னதில்லை.

ஆறு மாதத்தில் எரிந்த வீடுகளுக்குப் பலகை வந்தது.
கடனுக்கு. வட்டி நூற்றுக்குப் பதினெட்டு.
அருளம்பலத்தின் மனைவிக்கு வட்டி கிடையாது,
அசலும் வேண்டாமென்று ஆள் அனுப்பினார்.
அவ வாங்கவில்லை.
தகரம் போதும் என்றாவாம்.

நாங்கள் வாங்கினோம்.
அப்பா கட்டி முடித்தது நான் சாமத்தியப்பட்ட வருஷம்.
அந்தக் கூரைவளை இன்னும் வளையவில்லை,
எந்த மழைக்கும் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

மரக்காலையை மகன்மார் விற்றுவிட்டார்கள்.
இப்போது இருபத்திரண்டு மாடி.
கதவெல்லாம் தூளை அமுக்கிச் செய்தவை.
கேற்றடியில் காவலாளி
பெயர் கேட்டு எழுதிக்கொள்கிறான்.

படிவத்தின் கடைசிப் பத்தி:
ஆட்சேபனை இருப்பின் குறிப்பிடுக.
எழுதினேன், வெட்டினேன், தாளை மாற்றினேன்.
நாலரைக்குப் பியோன் வந்து நின்றான்.
அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.
"வைக்கட்டும் பிள்ளை" என்றா.
வைத்துவிட்டாவோ என்று நினைத்த பிறகு,
"அருளம்பலத்தின்ரை கடையும்
அந்த ஒழுங்கையிலைதானே இருந்தது?"

ஆட்சேபனை இல்லை என்று எழுதி
அலுவலகக் குறிப்பாக ஒருவரி சேர்த்தேன்:
பெயர்ப்பலகை மரத்தில் வேண்டாம்.
தகரம் போதும்.